ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு லட்சமா? யாருக்குக் காது குத்துகிறார்கள்?

இன்சர்ட்_எஃப்7:
காலையில் வாட்ஸப்பில் ஒரு நன்கொடை வேண்டுகோள். "பார்வையற்ற மாணவர் கணினியைத் தொட வேண்டுமானால் ஒரு லட்ச ரூபாய் மென்பொருள் தேவை, மனமிரங்குங்கள்" என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். அதில் என்விடிஏ என்று ஒன்று எதற்கு இருக்கிறது? 2006இல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் எழுதத் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர்தான். பைசா கொடுக்காமல் பதிவிறக்கலாம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் அடுத்தவர் கணினியிலும் ஓட்டலாம். விண்டோஸிலேயே நேரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் வேறு சும்மா கிடக்கிறது. எந்த லட்சம்? யாருக்கு லட்சம்?

டாஸ்_தாத்தா:
தம்பிக்குக் கோபம் வருகிறது, விவரம்தான் வரவில்லை. அவர்கள் சொல்வது ஜாஸை, விலைக்கு விற்கும் ஸ்கிரீன் ரீடர். நிரந்தர உரிமம் ஆயிரம் டாலரை ஒட்டி வரும். வரி, விற்பனையாளர் பங்கு எல்லாம் சேர்த்துப் பார். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிய டெட் ஹென்டர், 1978இல் கார் விபத்தில் பார்வை போன பிறகு நிரல் எழுதப் படித்து, 1989இல் விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்காகக் கொண்டுவந்தது அது. நானெல்லாம் கணினி பழகியதே அதில்தான். அப்புறம் இன்னொன்று. ஜாஸையும் காசில்லாமல் ஓட்டலாம். உரிமம் இல்லாவிட்டால் 40 நிமிடம் பேசும், கணினியை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 40. இதுகூடத் தெரியாமல் ஊருக்கு உபதேசம்.

இன்சர்ட்_எஃப்7:
40 நிமிடமா! ஐயா, ஒரு விண்ணப்பப் படிவத்தில் முகவரி வரைக்கும் வருவதற்குள் முடிந்துவிடுமே.

டாஸ்_தாத்தா:
உனக்கு முடியாது. எனக்கு 40 நிமிடத்தில் மூன்று கடிதம் முடியும்.

தேனி_டீச்சர்:
என் மாணவர்கள் வைத்திருப்பது பழைய லேப்டாப். விண்டோஸ் ஏறி நிலைக்கு வரவே ஆறு நிமிடம் ஆகிறது சார். 40 பேசி, ஆறு ஊமையாக உட்கார்ந்து, மறுபடி 40 என்றால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?

டாஸ்_தாத்தா:
பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள் டீச்சர், வேகமான சேமிப்பகம். அரை நிமிடத்தில் ஏறும்.

தேனி_டீச்சர்:
எஸ்எஸ்டி யார் வாங்கித் தருவார்? நீங்களா?

கோவை_கணக்கர்:
இரண்டு பக்கமும் வேலைக்குப் போகாதவர்கள் பேசுவது போல இருக்கிறது. எங்கள் வங்கியில் கணக்கு மென்பொருள் வேறொரு சர்வரில் ஓடும், சிட்ரிக்ஸ் வழியாக எங்கள் திரையில் திறக்கும். அதற்குள் என்விடிஏ எனக்கு வாயே திறக்கவில்லை. ஜாஸ் வந்த பிறகுதான் கவுண்டரில் உட்கார்ந்தேன். விலை அதிகம்தான், சம்பளமும் அதனால்தான் வருகிறது.

இன்சர்ட்_எஃப்7:
நிர்வாகம் வாங்கித் தந்ததை வைத்துக்கொண்டு விலை அதிகம்தான் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள். உங்கள் பணமா போனது? டாஸ் தாத்தா என் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எக்ஸெலில் முந்நூறாவது வரியில் இருக்கிறேன், 40 நிமிடம் முடிந்து ஜாஸ் அடங்கிவிட்டது. சேமித்தேனா இல்லையா, கர்சர் எங்கே, ரீஸ்டார்ட் எங்கே? திரையே செத்த மாதிரி. அப்போது என்ன செய்வது?

டாஸ்_தாத்தா:
கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அடி. நேரேட்டர் பேசும். சேமி, ரீஸ்டார்ட் செய். பாலபாடம் இது.

இன்சர்ட்_எஃப்7:
நேரேட்டர்தான் வந்து காப்பாற்ற வேண்டும் என்றால் முதலிலிருந்து அதையே ஓட்டிவிட்டுப் போகலாமே! 40 நிமிட நாடகம் எதற்கு?

டாஸ்_தாத்தா:
நாடகம் என்றால் உலகம் ஏன் ஜாஸில் நிற்கிறது? ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களிடம் வெப்எய்ம் என்ற அமைப்பு எடுத்த கணிப்பு, 2024. முதன்மை ஸ்கிரீன் ரீடர் எது என்று கேட்டதில் ஜாஸ் 40.5 விழுக்காடு, என்விடிஏ 37.7. வாசித்துவிட்டு வா.

இன்சர்ட்_எஃப்7:
அதே கணிப்பு, அதே பக்கம். வழக்கமாகப் பயன்படுத்துபவை எவை, ஒன்றுக்கு மேலும் சொல்லலாம் என்ற கேள்வியில் என்விடிஏ 65.6, ஜாஸ் 60.5. அந்த வரியில் மட்டும் உங்கள் ஜாஸ் 40 நிமிடம் முடிந்து நின்றுவிட்டதோ?

ஆப்பிள்_அன்பன்:
ஆப்பிளின் மேக் கணினியில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் 2005இலிருந்தே கூடவே வருகிறது. இந்தத் தலைவலியே கிடையாது.

தேனி_டீச்சர்:
மேக் சும்மா வருகிறதா தம்பி?

டாஸ்_தாத்தா:
இலவசம் இலவசம் என்று குதிப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. விண்டோ ஐஸ் என்று ஒரு ஸ்கிரீன் ரீடர் இருந்தது. ஜாஸுக்கே சரிக்குச் சரி நின்றது. 2014இல் எம்எஸ் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இலவசம் என்றார்கள். 2017இல் கடையை மூடிவிட்டார்கள். காசு கொடுத்தால்தான் கடை நடக்கும். என்விடிஏவும் நன்கொடையில்தான் ஓடுகிறது. நீ எவ்வளவு கொடுத்தாய்?

இன்சர்ட்_எஃப்7:
நான் கொடுத்ததை இங்கே தண்டோரா போட மாட்டேன். காசு கொடுத்தால்தான் கடை நடக்கும் என்று பேசுகிற வாயைப் பாருங்கள். பயிற்சி மையத்தில் அத்தனை பேருக்கும் ஜாஸ் கிராக் சிடி, உரிமத்தை உடைத்த திருட்டு நகல், எடுத்துக் கொடுத்தது யார்? பெயரைச் சொல்லவா?

டாஸ்_தாத்தா:
அப்போது வேறு வழி இல்லை, என்விடிஏ பிறக்கவே இல்லை. அந்த சிடியில் படித்தவர்கள் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள். நீ போன வருடம் தமிழ்க் குரல் விவாதத்திலும் இப்படித்தான், விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தாய்.

இன்சர்ட்_எஃப்7:
அதையும் பேசுவோம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரல் பேசும் தமிழைத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவர் நீங்கள். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, என்விடிஏவில் அதுவும் பேசும். பைசா இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா?

கோவை_கணக்கர்:
வேகத்தைக் கூட்டினால் எனக்கு ஈஸ்பீக்தான் தெளிவாகக் கேட்கிறது. வள்ளுவர் இழுக்கிறார்.

ஆப்பிள்_அன்பன்:
இழுக்கிறாரா? காதைப் பழக்க வேண்டும் சார்.

கோவை_கணக்கர்:
மேக்கில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸ் குரலுக்கு வக்காலத்தா?

தேனி_டீச்சர்:
ஒரு சின்னக் கேள்வி. அந்த வாட்ஸப் ஆட்களுக்கு யாராவது பதில் எழுதினீர்களா? லட்சம் வந்தால் ஒரு மென்பொருளுக்குப் பதில் நான்கைந்து பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கலாமே.

டாஸ்_தாத்தா:
டீச்சர், அது வேறு விஷயம். முதலில் இவன் சிடி பற்றிச் சொன்னதை நிரூபிக்கட்டும். 40 நிமிடத்தில் மூன்று கடிதம் அடிக்கிறேன் என்றேன், அதையும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜூம் போடு, திரையைப் பகிர்ந்து அடித்தே காட்டுகிறேன்.

இன்சர்ட்_எஃப்7:
போடுகிறேன். ஆனால் இலவச ஜூம் கூட்டமும் 40 நிமிடம்தான் ஐயா. சந்தா கட்டியிருக்கிறீர்களா, இல்லை அதற்கும் சிடி இருக்கிறதா?