கிண்டில்ல காப்பி பண்ண புத்தகம் தெரியல, அவசரம்

மழைக்குருவி:
கம்ப்யூட்டர்லேர்ந்து எட்டு புத்தகம் காப்பி பண்ணேன். காப்பி ஆயிடுச்சு, கிண்டில்ல ஒண்ணுகூடக் காட்டல. ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. காலைல ரயில். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நிழல்72:
எந்த கிண்டில்? விண்டோஸா மேக்கா? புத்தக ஃபைல் எபப் வகையா பிடிஎஃப் வகையா? எந்த ஃபோல்டர்ல போட்டீங்க?

வடைசட்டி:
கேபிள்தான் தல. சில சார்ஜர் கேபிள்ல கரன்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. மாத்துங்க.

நிழல்72:
காப்பி ஆயிடுச்சுங்கறாரே. அந்த மாதிரி கேபிள்னா கிண்டிலே கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிருக்காது.

வடைசட்டி:
விட்டு விட்டு இணையுற கேபிளும் உண்டு. மாத்திப் பாத்தா என்ன குறைஞ்சிடும்?

எழுத்தாணி:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. கிண்டில் எபப்பை நேரடியாகப் படிக்காது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் அங்கேயே கிடக்கும், லைப்ரரியில் வராது.

மழைக்குருவி:
பேப்பர்வொயிட், விண்டோஸ். எபப்தான், ஆனா ஃபைல் பேரை கிண்டில் படிக்கிற மோபி வகைன்னு மாத்திட்டுத்தான் சார் போட்டேன்.

எழுத்தாணி:
பேரை மாற்றினால் ஃபைல் மாறிவிடுமா? எபப் என்பது எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும் கட்டிய ஜிப் பொட்டலம். வெளியே என்ன சீட்டு ஒட்டினாலும் உள்ளே அதுதான்.

நிழல்72:
குருவி, போட்ட எட்டையும் கிண்டில்ல அழிச்சிடுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்குப் பேரைத் திரும்ப எபப்னு மாத்திக் காலிபர்ங்கற இ-புக் சாஃப்ட்வேர்ல சேருங்க. கன்வர்ட் புக்ஸ் அழுத்துனா வலப்பக்கம் மேல அவுட்புட் ஃபார்மட் இருக்கும், அதுல கிண்டில் படிக்கிற ஏஇசட்டபிள்யூ3 வகையைத் தேர்ந்தெடுங்க. மெட்டாடேட்டால, அதாவது புத்தக விவரத்துல, மொழி தமிழ்னு இருக்கான்னு பாத்துக்குங்க. அப்புறம் சென்ட் டு டிவைஸ். எஜெக்ட் கொடுத்துட்டுக் கேபிளைக் கழட்டுங்க, அவசரப்பட்டு உருவுனா ஃபைல் பாதியில நிக்கும்.
2024ல வந்த மாடல்னா டிரைவ் எழுத்து வராது, போனை மாட்டுனா தெரியற மாதிரி (எம்டிபி) தெரியும். பயப்பட வேண்டாம்.

தூக்கணாங்கூடு:
எதுக்கு இவ்வளவு சுத்து? அமேசானோட சென்ட் டு கிண்டில் வெப் பக்கத்துல எபப்பை இழுத்துப் போட்டா அதுவே மாத்திக்கும். ஒரு ஃபைல் 200 எம்பி வரை போகும். கிண்டில்ல வைஃபை இருந்தா போதும்.

எழுத்தாணி:
சொந்த ஃபைலை எதற்கு ஊரான் சர்வருக்கு அனுப்ப வேண்டும்? கேபிள் வழியையே மூட ஆரம்பித்துவிட்டார்கள். 2025 பிப்ரவரி 26 ஞாபகம் இருக்கிறதா?

தூக்கணாங்கூடு:
அன்னிக்கு எடுத்தது கிண்டில் கடையில வாங்குன புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி ஏத்துற வசதியை. சொந்த ஃபைலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குழப்பாதீங்க.

வடைசட்டி:
கிண்டிலுக்குப் பதிலா கோபோ ரீடர் வாங்கியிருந்தா எபப்பை அப்படியே போட்டுப் படிச்சிருக்கலாம்.

நிழல்72:
ரயில் ஏறப் போறவர்கிட்ட இப்ப இதைச் சொல்லணுமா?

மழைக்குருவி:
ஏழு வந்துடுச்சு, நன்றி. ஒண்ணுல மட்டும் எழுத்தெல்லாம் ஆங்கிலமும் அரைப்புள்ளியுமா இருக்கு??

நிழல்72:
பழைய வேர்டு ஃபைலை எபப் ஆக்குனதா? யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துரு மாதிரி இருக்கு. அதுல மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் அடிப்பாங்க. எழுத்துரு இல்லாத இடத்துல அடிச்ச விசை அப்படியே தெரியும். காலிபர் இதைச் சரி பண்ணாது. மூல வேர்டு ஃபைலோட எழுத்தை எழுத்துரு மாத்துற டூல்ல ஒட்டி, பாமினிலேர்ந்து எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு ஆக்கி, அதைத்தான் திரும்பக் கன்வர்ட் பண்ணணும்.

எழுத்தாணி:
பாமினிதானா என்று முதலில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

நிழல்72:
குருவி, வேர்டுல அந்த எழுத்துமேல கர்சரை வெச்சா மேல எழுத்துரு பேர் காட்டும். என்ன காட்டுது?