விங்மாஸ்டரைச் சேற்றுக்குள் கொண்டுபோகலாமா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப்பறவை) வேட்டைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், 12 கேஜ் (குழல் அளவு), இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா போடும் பழைய பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) துப்பாக்கி. கண்ணாடி மாதிரி மெருகேற்றிய நீலக்கறுப்பு இரும்பு, வழவழவென்று வார்னிஷ் போட்ட வால்நட் கட்டை. வியர்வைக் கையால் தொட்டுவிட்டுத் துடைக்க மறந்தால், விரல் பட்ட இடத்தில் செம்புள்ளி வந்துவிடுகிறது! பேசாமல் இதே 870-இன் மலிவு வகையான எக்ஸ்பிரஸை வாங்கு என்கிறார்கள். அதன் சொரசொரப்பான பூச்சும் துருப்பிடிக்கத்தான் செய்யும். கீறல் விழுந்தால் மனசு வலிக்காது, அவ்வளவுதான்.

டிசம்பரில் ஃபெசன்ட் சேவல்கள் சம்பங்கோரைப் புதருக்குள் பதுங்கிவிடும். பனியும் ஈரமும் முன்பிடிக்கு அடியில், தோட்டாக் குழாய்மேல் போய்த் தங்கும். அங்கே எண்ணெய் தடவினால் போதுமா, மெழுகு பூசுவது நல்லதா? குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இரும்பு வியர்க்கிறதே, உறையிலிருந்து எடுத்தே வைக்கிறீர்களா?

அப்புறம் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள் விஷயம். கூட்டரசின் நீர்ப்பறவை நிலங்களில் ஈய ரவைக்கு அனுமதி இல்லை. என் பேரலோ மாற்ற முடியாத ஃபுல் சோக் (குழல் வாய் மிகவும் குறுகியது), எஃகு ரவை போடப் பயமாக இருக்கிறது. எஃகைவிட மென்மையான பிஸ்மத் உலோக ரவைத் தோட்டாவோ விலை கடிக்கிறது. சோக் மாற்றக்கூடிய பேரல் ஒன்றை இதில் மாட்டி ஓட்டுகிறவர்கள் யாராவது உண்டா? மூன்றங்குலத் தோட்டாவுக்கான பேரல் மாட்டினாலும் போட வேண்டியது இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாதான் என்பது தெரியும். பழைய பேரல் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னால் நல்லது.