செயின் மாட்டினால் மட்டும் வெளியாட்கள் மேல் பாய்கிறாள். வழி சொல்லுங்கள்

கூடல்நகர் மிளகு அம்மா:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெண் நாய்க்கு அடுத்த மாதம் இரண்டு வயது முடிகிறது. கன்னி இனம், கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. பெயர் மிளகு. கோவில்பட்டிப் பக்கம் மாமா தோட்டத்தில் பிறந்தவள். மூன்றரை மாதத்தில்தான் எங்களிடம் வந்தாள். அதுவரை அவள் பார்த்த மனிதர்கள் மாமா, அத்தை, ஆடு மேய்க்கிற ஒரு பையன், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் எந்தக் குறையும் இல்லை. யார் வந்தாலும் தள்ளி நின்று மோந்து பார்ப்பாள், பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள். மொட்டை மாடியில் அவிழ்த்துவிட்டிருக்கும்போது தண்ணீர் டேங்க் கழுவ இரண்டு பேர் வந்தார்கள். ஒரு குரைப்புக்கூட இல்லை. ஆனால் செயினை மாட்டித் தெருவில் இறங்கிவிட்டால் இவளே வேறு ஆள். எதிரே தெரியாத ஆள் வந்தால் உடம்பு விறைக்கிறது, வால் நேராக மேலே போகிறது, வாய் மூடிக்கொள்கிறது. அவர் பத்தடிக்குள் வந்ததும் பாய்ச்சல். ஹெல்மெட் போட்டவர்கள், குடை வைத்திருப்பவர்கள், இஸ்திரி வண்டிக்காரர் என்றால் இன்னும் மோசம். பெண்களிடம் கொஞ்சம் பரவாயில்லை. கயிறு கையிலிருந்து போய்விடக் கூடாதே என்று எப்போதும் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பால் பூத் அருகே ஒரு பெரியவர், "எனக்கு நாய்னா உசுரும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவள் தலைக்கு மேல் கையைக் கொண்டுவந்தார். நான் "வேண்டாம் ஐயா" என்று சொல்லி முடிப்பதற்குள் எகிறிக் கவ்விவிட்டாள். சட்டைக் கையின் பட்டன் தெறித்தது. தோலில் கீறல் இல்லை. வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்தோம். அவர் பெருந்தன்மையாகப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது. தடுப்பூசி எல்லாம் தவறாமல் போட்டிருக்கிறோம், வெறிநாய்க்கடி ஊசி உட்பட.

வீட்டுக்காரர் வாக்கிங்கையே நிறுத்தச் சொல்கிறார். ஓடப் பிறந்த நாயை நாலு சுவருக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இன்னொருவரை அவள் கடித்துவிட்டால் அதையும் என்னால் தாங்க முடியாது. செயின் மாட்டினால் மட்டும் ஏன் இப்படி?

சிங்கக்குட்டி:

முள் பெல்ட் வாங்கிப் போடுங்க. பாயும்போது நாலு தடவை சுண்டி இழுத்தா அடங்கிடும். எங்க ராட்வீலருக்கு ஒரே வாரத்துல சரியாச்சு.

வாசல்திண்ணை:

தங்கச்சி, முதலில் ஒன்று. மேலே தம்பி சொன்ன முள் பெல்ட்டை வாங்கவே வாங்காதே. வெளியாள் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த ஆளைப் பார்த்தாலே வலி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். தம்பி, உங்கள் நாய் அடங்கியது என்கிறீர்கள். உறுமினால் வலி என்று தெரிந்த நாய் உறுமுவதைத்தான் விடும், பயத்தை விடாது. பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். உறுமல் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. அதை அடித்துப் பிடுங்கக் கூடாது. தயவுசெய்து உங்கள் நாயையும் கவனியுங்கள்.

இப்போது உன் கேள்வி. எனக்கு வயது 63, தென்காசிப் பக்கம். இரண்டு கன்னி, ஒரு சிப்பிப்பாறை, ஒரு ராஜபாளையம் வளர்த்திருக்கிறேன். உன் பதிவை மூன்று தடவை படித்தேன். "கையில் இரண்டு சுற்று" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் பாதி விஷயம் இருக்கிறது.

மாடியில் அவளுக்குப் பிடிக்காத ஆள் வந்தால் நாலடி தள்ளிப் போகலாம். கட்டிலுக்கு அடியில் போகலாம். போகத்தான் செய்கிறாள். தெருவில் கட்டிவைத்திருக்கிறாய். விலகிப் போக வழியில்லை என்று தெரிந்த நாய்க்கு மிச்சமிருப்பது எதிரே வருகிறவனை விலகிப் போகவைப்பது ஒன்றுதான். அவள் பாய்கிறாள், அவன் ஒதுங்கிப் போகிறான். அவள் கணக்கில் அது பலித்துவிட்டது. நாளைக்கும் அதையே செய்வாள்.

அடுத்தது உன் கை. எங்கள் ராஜபாளையத்தானும் இப்படித்தான் இருந்தான். ஆறு மாதம் அவனைத் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் என் மனைவி பின்னால் இருபது அடி தள்ளி நடந்து வந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "அவன் ஆளையே பாக்கல, நீங்கதான் முதல்ல கயித்த இறுக்குறீங்க. அப்புறந்தான் அவன் தலையைத் தூக்குறான்" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறுநாள் கவனித்தால் அது முழு உண்மை. தூரத்தில் சைக்கிள் தெரிந்தாலே என் மூச்சு நின்று, முழங்கை மடங்கி, கயிறு கழுத்தை இழுக்கிறது. ஆபத்து வருகிறது என்று அவனுக்குத் தகவல் சொன்னதே நான்தான். உன் வீட்டுக்காரரை ஒருநாள் உன் பின்னால் நடக்கச் சொல். உன் கையை மட்டும் பார்க்கச் சொல்.

கன்னிக்கு இன்னொரு விஷயம் உண்டு. கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே பருமன். பயந்து பின்னால் இழுத்தால் சாதாரண பெல்ட் அப்படியே தலைவழியாக உருவி வந்துவிடும். உன் கை இறுகுவதற்கு அந்தப் பயமும் காரணமாக இருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி வருகிற வார் வாங்கு, பெல்ட்டையும் போடு, இரண்டிலும் கொக்கி மாட்டு. நழுவாது என்று உனக்கு நம்பிக்கை வந்தால் கை தானாகத் தளரும். கயிறு ஐந்தாறு அடி இருக்கட்டும். இரும்புச் செயின் வேண்டாம், பட்டை நாடாவாக வாங்கு. கையில் சுற்றாதே. பெரிய நாய் திடீரென்று இழுத்தால் விரல் போய்விடும்.

பழக்குவது இப்படி. கோழி ஈரலை வேகவைத்துச் சுண்டுவிரல் நகம் அளவு நறுக்கி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள். ஆள் நடமாட்டம் தூரத்தில் தெரிகிற இடத்தில் போய் நில். நான் ரயில்வே கேட் பக்கம், ரோட்டிலிருந்து நாற்பது அடி எட்டி நிற்பேன். அவள் ஆளைப் பார்க்கிறாள், ஆனால் இன்னும் விறைக்கவில்லை. அந்த நொடியில் ஈரல். ஆள் மறைந்தால் ஈரலும் நிற்க வேண்டும். அமைதியாக உட்கார்ந்தால்தான் தருவேன் என்று வியாபாரம் பேசாதே. ஆள் தெரிந்தாலே தின்னக் கிடைக்கும் என்பது அவள் மனதில் ஏறட்டும், போதும். ஈரலை வாங்க மறுத்தால் கிட்டே போய்விட்டாய் என்று அர்த்தம், பின்னால் வா. ஒரு வாரம் கழித்து இரண்டடி கிட்டே. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வழியில் ஆள் எதிரே வந்தால் நேருக்கு நேர் போகாதே. பிறை மாதிரி வளைந்து போ. தெருநாய்கள் ஒன்றையொன்று கடக்கும்போது அப்படித்தான் போகும், பார்த்திருப்பாய். யாராவது தொட வந்தால் மரியாதை பார்க்காமல் அவளுக்கு முன்னால் போய் நின்று, "தொடாதீங்க, பழகுறா" என்று சத்தமாகச் சொல். உன் நாய்க்காக அதைச் சொல்ல இந்தத் தெருவில் உன்னைவிட்டால் ஆளில்லை.

அரசு கால்நடை மருத்துவமனையில் பணியாற்றும் ஒருத்தி:

அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள் சொல்கிறேன் அக்கா.

முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் புண், பல் வலி, கழுத்து எலும்பில் வலி இருந்தால் தலைக்கு மேல் வருகிற கையை எந்த நாயும் பொறுக்காது. பெல்ட் அழுத்துகிற இடத்தில் வலிக்கிறதா என்று மருத்துவர் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"என் நாய் ஆளைக் கண்டால் பாயும்" என்று பொதுவாக வைத்துக்கொள்ளாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2003-ல் வெளியிட்ட சி-பார்க் என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. செயினில் நடக்கும்போது தெரியாத பெரியவர் நேராக நெருங்கினால் என்ன செய்கிறது என்பது அதில் ஒரு கேள்வி. குழந்தை நெருங்கினால் என்பது தனிக் கேள்வி. வீட்டுக்கு ஆள் வந்தால் என்பதும் தனி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் ஒன்றுமில்லை. நடுவில் குரைப்பு, உறுமல், பல்லைக் காட்டுவது. 4 என்றால் கவ்வுவது, கடிப்பது. ஒரே நாய்க்கு வீட்டில் 0, தெருவில் 4 வரலாம். மிளகு அப்படித்தான். ஒரு நோட்டில் தினமும் யார் வந்தார்கள், எத்தனை அடியில், எத்தனை மதிப்பெண் என்று எழுதுங்கள். ஹெல்மெட்டா, குடையா, குனிந்தாரா என்றும் எழுதுங்கள். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

மூன்றரை மாதம் தோட்டத்திலேயே இருந்தது என்றீர்கள். குட்டி புதிய மனிதர்களைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான். அது அவள் உங்களிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. உங்கள் தவறு இல்லை, அவள் தவறும் இல்லை. இனி முன்னேறலாம், ஆனால் எல்லோரிடமும் வாலாட்டுகிற நாயாக மாறுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூடை மாதிரி இருக்கிற வாய்க்கட்டு பழக்குங்கள். வாயை இறுக்குகிற துணிக்கட்டு வேண்டவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், மதுரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் தயிர் தடவி, அவளாகவே மூக்கை நுழைக்கும்வரை ஒரு வாரம் விடுங்கள்.

யார் தோலிலாவது சின்னக் கீறல் பட்டால்கூட சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சட்டமும் தெரிந்திருக்கட்டும்: வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கூடல்நகர் மிளகு அம்மா:

24 நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணா, அவர் என் பின்னால் நடந்து பார்த்தார். நீங்கள் சொன்னதேதான். தூரத்தில் ஹெல்மெட் தெரிந்தாலே என் வலது தோள் காதுவரை ஏறுகிறதாம். இப்போது ஆள் வந்தால் நான் மூச்சை வெளியே விட்டு, பிடித்த கையைத் தொப்புளுக்கு நேராக வைத்துக்கொள்கிறேன்.

காதில் லேசான புண் இருந்தது. சொட்டு மருந்து விட்டு ஆறிவிட்டது. வாரும் பட்டைக் கயிறும் வாங்கிவிட்டேன். நோட்டில் முதல் வாரம் முழுக்க 3, 3, 2, 3. போன வாரம் 1, 0, 2, 0. இஸ்திரி வண்டியைப் பதினைந்தடியில் பார்த்துவிட்டு என் கையைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடுவில் ஒருநாள் கோயில் ஊர்வலத்துக்கு வெடி போட்டார்கள். அன்று மறுபடி 3. மூன்று நாள் வெளியே எடுக்கவில்லை.

பால் பூத் பெரியவர் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தெருவின் அந்தப் பக்கம் நின்று, மிளகைப் பார்க்காமல், "போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொல்கிறார். நேற்று அவர் நின்ற இடத்திலிருந்து இருபதடியில் மிளகு வேப்பமரத்தை மோந்துகொண்டே கடந்தாள்.

இன்னொரு சந்தேகம். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்கு எங்கள் வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம். நாற்பது பேராவது வருவார்கள். வாய்க்கட்டுப் போட்டு என் கூடவே வைத்துக்கொள்ளலாமா?

வாசல்திண்ணை:

வேண்டாம் தங்கச்சி. இருபதடிக்கு வந்தவளை நாற்பது பேர் நடுவில் நிறுத்தாதே. இரண்டு நாள் முன்னாலேயே கோவில்பட்டி மாமா தோட்டத்தில் விட்டுவிடு. அவளுடைய பழைய சாக்கையும் கூடவே கொடுத்துவிடு.