'ஸா மாரி'யா, 'ஸோன் மாரி'யா? குடும்பத்தைப் பற்றி எழுதியதில் மூன்று திருத்தம்

கேள்வி:
வணக்கம். டெல்ஃப் ஏ1 என்ற தொடக்கநிலை பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தைப் பற்றி எட்டு வரி எழுதிக் கொடுத்தேன்; தாளில் மூன்று இடத்தில் சிவப்பு மை. அக்காவின் கணவரை 'ஸா மாரி' என்று எழுதியிருந்தேன். அக்கா பெண்தானே? அதை 'ஸோன் மாரி' ஆக்கிவிட்டார்கள். 'மா கிரான்த் ஸேர் ஏ ஜான்தி' (அக்கா அன்பானவள்) என்பதில் ஜான்தி தப்பாம். பாட்டிக்கு 'கிரான்த்-மேர்' என்று எழுதினால், கிரான்தின் கடைசி 'ஈ' (e) எழுத்தை அடித்திருக்கிறார்கள். அக்காவுக்கு வேண்டிய 'ஈ' பாட்டிக்கு வேண்டாமா? இரண்டு நாளாக மண்டை குழம்புகிறது.

பதில் 1:
முதல் தப்பு தமிழ் பேசும் எல்லாருக்கும் வருவது. நாம் 'அவளுடைய கணவர்', 'அவனுடைய மனைவி' என்று உடையவரைப் பார்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சு உடையவரைப் பார்ப்பதே இல்லை, பின்னால் வரும் சொல்லைத்தான் பார்க்கும். மாரி ஆண்பால், அதனால் ஸோன். ஃபாம் (மனைவி) பெண்பால், அதனால் ஸா. 'ஸா ஸேர்' என்றால் அவனுடைய அக்காவாகவும் இருக்கலாம், அவளுடைய அக்காவாகவும் இருக்கலாம். முன்வரியை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜான்திக்கு வருவோம். 'நல்ல அண்ணன், நல்ல அக்கா' என்னும்போது 'நல்ல' மாறுவதில்லை. ஆனால் 'அண்ணன் நல்லவன், அக்கா நல்லவள்' என்று மாற்றுகிறோம் இல்லையா? பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அந்த மாற்றம் உண்டு. ஆகவே அண்ணன் ஜான்தி, அக்கா ஜான்திய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தம்பி 'பெத்தி ஃப்ரேர்', தங்கை 'பெத்தித் ஸேர்'. ஆண்பாலில் ஊமையாக நின்ற 'த்' பெண்பாலில் பேசுகிறது. எனக்கு விதியை விடக் காதுதான் கைகொடுத்தது.

பதில் 2:
பாட்டி விஷயம் பழைய கதை. லத்தீனில் 'பெரிய' என்னும் இந்த கிரான்த் சொல்லுக்கு ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். பழைய பிரெஞ்சிலும் அப்படியே. பிற்பாடு மற்ற இடங்களில் 'ஈ' சேர்ந்துகொண்டது, பாட்டி போன்ற சில சொற்கள் மட்டும் பழைய உருவத்திலேயே நின்றுவிட்டன. 'ஈ' விழுந்துவிட்டதாக நினைத்து ஒரு காலத்தில் அங்கே எழுத்து விடுபட்டதைக் காட்டும் அப்பாஸ்ட்ரஃபி (’) குறி போட்டார்கள். 1932–35இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி அதை எடுத்துவிட்டு இணைகோடு வைத்தது. உங்களைத் திருத்தியவர் செய்தது சரி.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஜான்திய் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், பிடிபட்டுவிட்டது. அப்புறம் இன்னொன்று: பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருக்கும் தனித்தனிச் சொல் உண்டா?

பதில் 1:
இல்லை, மூவரும் 'ஓன்க்ல்' தான். தேர்வில் பிரித்துக் காட்ட வேண்டுமானால் 'அப்பாவின் அண்ணன்' என்று விரித்து எழுதுங்கள். அண்ணனுக்கு 'ஃப்ரேர் ஏனே', இந்த ஏனே பெயருக்குப் பின்னால்தான் வரும். அத்தான், மைத்துனர், கொழுந்தன் எல்லாரும் 'போ-ஃப்ரேர்'. 'பெல்-மேர்' என்று பார்த்ததும் அழகான அம்மா என்று எழுதிவிடாதீர்கள், அது மாமியார். அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் அதே சொல்தான்.

பதில் 2:
தோழியைப் பற்றியும் எழுதச் சொல்வார்கள். ஆமி பெண்பால்தான், ஆனாலும் 'மா ஆமி' கிடையாது. உயிரொலிக்கு முன்னால் மா (என்) நிற்காது, மோன் வரும். 'மோனாமி' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.