அம்பாசடர் ஹைவேல மட்டும் சூடாகுது, ஊருக்குள்ள ஒண்ணுமில்ல. எங்கருந்து பாக்க ஆரம்பிக்கறது?

மார்க்4_காட்பாடி:
அண்ணன்களுக்கு வணக்கம். நம்மகிட்ட 85 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கு, பெட்ரோல், 1489 சிசி, அப்பா வாங்குன வண்டி. காட்பாடிலருந்து பாகாயம் வரைக்கும் டிராபிக்ல நின்னு நின்னு போனாகூட டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயேதான் நிக்குது. ஆனா பெங்களூர் ரோட்ல ஏறி பள்ளிகொண்டா டோல் தாண்டி 75, 80ல போய்க்கினே இருந்தா முள்ளு ஏற ஆரம்பிச்சிடுது, ஆம்பூர் வர்றதுக்குள்ள சிவப்புக்கு பக்கத்துல வந்துடுது, 50க்கு கொறச்சா தானா எறங்கிடுது. தண்ணி கொறையல, ஆயில்லயும் தண்ணி கலந்த மாதிரி தெரியல. மெக்கானிக் தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணிய தெறந்து விடற வால்வு) கழட்டி பாத்தாரு, ஒண்ணும் மாறல, இப்போ மாருதி 800 எலக்ட்ரிக் பேன் மாட்டிடலாம்ங்கறாரு. மாட்டலாமா? தங்கச்சி கல்யாணத்துக்கு பொண்ண இதுலதான் கிருஷ்ணகிரி கூட்டிக்கினு போகணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆச.

வாலாஜா_பழையவண்டி:
தம்பி, பேனுக்கு காசு போடாத. பேன் வேல செய்யறது வண்டி நிக்கும்போதும் மெதுவா போகும்போதும்தான், 80ல போறப்ப எதிர்காத்தே ரேடியேட்டருக்கு போதும். பேன் கோளாறா இருந்தா உனக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னல்லதான் முள்ளு ஏறணும், ஹைவேல எறங்கணும். உனக்கு நேர் தலைகீழா நடக்குது. அதாவது இஞ்சின் அதிகமா சூட்ட தள்ளும்போது அத வெளிய விடற அளவுக்கு ரேடியேட்டர்ல தண்ணி ஓடல. என் சந்தேகம் முழுக்க ரேடியேட்டர் கோர் மேலதான், அதாவது தண்ணி ஓடற ட்யூப் அடுக்கு, நம்மூர் போர் தண்ணிய வருஷக்கணக்கா ஊத்தியிருந்தா கெய்சர் காயில்ல படியற மாதிரி ட்யூப் உள்ள வெள்ளையா படிஞ்சிருக்கும்.
சோதிக்கறது சுலபம். ஹைவேல ஓட்டி சூடாக்கி, ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு, டெம்பரேச்சர் கன் இருந்தா அதால கோர் பூரா ஒவ்வொரு எடமா அடிச்சு பாரு. மேலருந்து கீழ வர வர சூடு சீரா கொறையணும். நடுவுல ஒரு பட்டை மட்டும் ஜில்லுனு இருந்தா அந்த ட்யூப்ல தண்ணி போகலன்னு அர்த்தம். அப்படியே கிரில் பக்கம் குனிஞ்சு ஃபின் (ட்யூப் நடுவுல இருக்கற மெல்லிசு தகடு) நடுவுல பூச்சி, மண்ணு அடைச்சிருக்கான்னும் பாத்துடு. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டோட தெறக்காத, 7 பிஎஸ்ஐ மூடி ஒழுங்கா புடிச்சா உள்ள தண்ணி 111 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும், தெறந்த நிமிஷம் பிரஷர் போயி மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும்.

ஆம்பூர்_ஒர்க்‌ஷாப்:
கோர கழட்டறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் கீழ் ஓஸ பாருங்க. வாட்டர் பம்ப் அங்கருந்துதான் தண்ணிய உறிஞ்சுது, ஓஸ் பழசாகி மெத்துனு ஆயிருந்தா ஆர்பிஎம் ஏறும்போது உள்பக்கமா சப்பிக்கும், ஐடிலிங்ல பாத்தா நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். இஞ்சின் சூடானப்புறம் ஒருத்தர ஆக்சிலேட்டர் மிதிக்க சொல்லிட்டு நீங்க ஓஸ்லயே கண்ண வைங்க, கைய பேன்கிட்ட கொண்டு போகாதீங்க. பெல்ட்டும் பாருங்க. டைனமோ, பேன், பம்ப் மூணும் ஒரே பெல்ட்டுல ஓடுது, லூசா இருந்தா ஸ்பீடுல வழுக்கும்.

சத்துவாச்சாரி_டைமிங்:
எல்லாரும் தண்ணி பக்கமே போறீங்க, இக்னிஷன யாரும் சொல்லல. ஆர்பிஎம் ஏற ஏற ஸ்பார்க் முன்னாடியே வரணும், அதுக்குதான் பிளக்குங்களுக்கு ஸ்பார்க்க பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வெயிட்டும் ஸ்பிரிங்கும் இருக்கு. அந்த வெயிட் கிரீஸ் காஞ்சு இறுகிடுச்சுன்னா ஐடிலிங் டைமிங் கரெக்டா காட்டும், ஊருக்குள்ள வண்டி நல்லாவே ஓடும், ஹைவேல மட்டும் ஸ்பார்க் லேட்டா வரும், எரிய வேண்டியது லேட்டா எரிஞ்சு சூடு பூரா எக்ஸாஸ்ட் வால்வு பக்கமும் தண்ணிக்கும் போகும், இழுவையும் கொறையும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய எடுத்து உள்ள சுத்தற ரோட்டர கையால திருப்பி விடுங்க, சட்டுனு பழைய எடத்துக்கு வரணும். டிஸ்ட்ரிபியூட்டர்லருந்து கார்புரேட்டருக்கு போற வேக்கம் பைப்ப கார்புரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சி நாக்கால அடைங்க, உறிஞ்சுன வேக்கம் அப்படியே நிக்கணும், எறங்குனா டயாபிரம் கிழிஞ்சிருக்கு. இதுக்கெல்லாம் பத்து பைசா செலவு இல்ல. டைமிங் லைட் இருக்கற மெக்கானிக் கெடச்சா 3000 ஆர்பிஎம்ல இஞ்சின் புல்லில இருக்கற டைமிங் குறி நகருதான்னும் பாத்துடலாம்.

மார்க்4_காட்பாடி:
அண்ணா, எல்லாத்தையும் பாத்தோம். ஓஸ் சப்பல, பெல்ட் டைட்டாதான் இருக்கு. ரோட்டர திருப்பி விட்டா திரும்பி வரவே இல்ல, அப்படியே நின்னுடுச்சு! தட்ட கழட்டி வெயிட்ட மண்ணெண்ணெய்ல கழுவி ரெண்டு சொட்டு ஆயில் விட்டப்புறம் இழுவை நல்லா வந்துடுச்சு, முள்ளும் முன்ன மாதிரி வேகமா ஏறல, ஆனா வெயில்ல ஆம்பூர் தாண்டுனா இன்னும் கொஞ்சம் ஏறுது. டெம்பரேச்சர் கன் வச்சு பாத்ததுல டிரைவர் பக்கம் கீழ் மூலை மட்டும் நல்லா ஜில்லுனு இருக்கு. ரேடியேட்டர் கடைக்காரர் ஆசிட் ஊத்தி கழுவிடலாம்ங்கறாரு.

வாலாஜா_பழையவண்டி:
சத்துவாச்சாரி அண்ணன் சொன்னது சரியா போச்சு, எனக்கும் ரொம்ப சந்தோஷம். கோர் விஷயத்துல ஆசிட் வேணாம் தம்பி, பழைய பித்தளை கோர்ல சால்டர் ஜாயின்ட் அரிச்சு ஒழுக ஆரம்பிச்சிடும். மேல் டேங்க் கீழ் டேங்க் ரெண்டையும் பிரிச்சு ட்யூப் ட்யூபா கம்பி விட்டு குத்த சொல்லு, நீயும் கூட நின்னு பாரு, முக்கால்வாசி ட்யூபாவது அடைப்பு எடுபடலன்னா புது கோரே போட்டுடு. ரேடியேட்டர் வெளிய இருக்கும்போதே பிளாக்கையும் கழுவிடணும், இஞ்சின் பக்கவாட்டுல இருக்கற டிரெயின் டேப்ப கழட்டுனா நாலாவது சிலிண்டர் பக்கம் காவி சேறா அடைச்சிருக்கும், தண்ணியே வராது, கம்பியால குத்தி தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஓஸ் போட்டு அடி. அத விட்டுட்டா அந்த காவி பூரா சுத்தம் பண்ண கோர்ல வந்து ஒக்காந்துக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட்ட திரும்ப மாட்டு, கூலன்ட்டோட பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல) கலந்து ஊத்து, போர் தண்ணி ஒரு சொட்டு வேணாம். கல்யாணத்துக்கு முன்னாடி மத்தியான வெயில்ல வாணியம்பாடி வரைக்கும் 80ல ஒரு தடவ ஓட்டி பாத்துட்டு முள்ளு எங்க நிக்குதுன்னு இங்க எழுது.