புதுப்பிப்பு: நொய்டா புள்ளிக் காசுகள்

மயூர் விஹாரில் கைக்கு வரும் சில்லறையிலிருந்து, பக்கத்து நொய்டா நாணயச்சாலையில் அடித்த காசுகளை மட்டும் சேர்க்கப்போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். ஆண்டுக்குக் கீழே வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா; வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.

இதுவரை 31. சரி, உண்மையில் 29. இரண்டில் புள்ளி என்று நினைத்தது வெறும் அழுக்கு. சோப்புத் தண்ணீரில் போட்டதும் கொல்கத்தாவாகிவிட்டன! (பத்து ரூபாய்க் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அம்மா பேச்சைக் கேட்டு ஒன்றைக் கெடுத்தேன்.)

அடுத்த தேடல், காண்டாமிருகம் போட்ட எஃகு 25 பைசா. நொய்டாவில் காசு அடிக்கத் தொடங்கியதே 1988இல்தான், அதனால் அதற்கு முந்தையதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் 2011இலேயே 25 பைசா செல்லாமல் போய்விட்டது, கடைச் சில்லறையில் வராது. எதிர்வீட்டு மாமி பழைய உண்டியலைக் கவிழ்க்கச் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.