கண்ணை மூடினால் அப்பா தள்ளாடுகிறார். வெந்நீர் மட்டும் சுடுகிறது, எப்படி?

தல்லாகுளத்துப் பெண்:

அப்பாவுக்கு 67 வயது. சுத்த சைவம். சர்க்கரைக்காக 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு மாதங்களாக, தரையில் நடந்தாலும் மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறார். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். போன வாரம் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர், அப்படியே வாளிமேல் சாய்ந்துவிட்டார்.

மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார். "ஏதோ வைத்திருக்கிறீர்கள், அதிரவில்லையே" என்றார் அப்பா. கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்தபோது, எந்தப் பக்கம் என்று அப்பா பாதிக்குப் பாதி தவறாகச் சொன்னார். ஆனால் குத்தினால் வலிக்கிறது, வெந்நீர் சுடுகிறது. வைட்டமின் பி12 குறைவு என்று ஊசி எழுதிக்கொடுத்தார்கள். நரம்பு பழுதானால் எல்லா உணர்ச்சியும் அல்லவா போக வேண்டும்? வெளியே அவ்வளவு கூட்டம், கேட்க வாய் வரவில்லை.

பழைய பிசியோ:

முப்பது ஆண்டு இதே வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காலிலிருந்து மூளைக்கு இரண்டு வழிகள் உண்டு. நுண்ணிய தொடுதல், அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி, இவை தண்டுவடத்தின் பின்பக்கமாக ஏறுகின்றன. இது இடைநில்லாப் பேருந்து. கால் கட்டைவிரலில் கிளம்பும் ஒரே நரம்புச் செல்லின் இழை, எங்கும் கைமாறாமல் கழுத்துக்கு மேலே, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை போகிறது. உயரமானவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்! அங்கேதான் அடுத்த செல்லிடம் ஒப்படைத்து, எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்குச் சேர்கிறது.

வலியும் சூடும் அப்படியில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்ததுமே வண்டி மாறி, அங்கேயே எதிர்ப்பக்கம் தாண்டி, முன்பக்கமாக ஏறுகின்றன. பெரும்பாலும் மெல்லிய இழைகள், மெதுவானவை. வாசற்படியில் விரலை இடித்துக்கொள்ளும்போது பாருங்கள்: இடித்தது உடனே தெரியும், எரிச்சல் சற்றுப் பொறுத்துத்தான் வரும்.

பின்பக்க வழியின் தடித்த இழைகளுக்கு, நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை கனமாக இருக்கும். அதனால்தான் நொடிக்கு 35 மீட்டருக்கும் மேலான வேகம். அந்த உறையைப் பராமரிக்க பி12 வேண்டும். குறைந்தால் தண்டுவடத்தில் முதலில் அடிவாங்கும் இடங்களில் பின்பக்கமும் ஒன்று. வலியும் சூடும் போகும் முன்பக்க வழி தப்பியிருப்பதால்தான் அப்பாவுக்கு வெந்நீர் சுடுகிறது. சைவ உணவு, அதோடு நீண்டகால மெட்ஃபார்மின். இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை.

தள்ளாட்டத்துக்கு வருகிறேன். நிற்பதற்குக் கண், உள்காது, கால் மூன்றும் செய்தி தருகின்றன. காலின் செய்தி அறுந்தாலும் கண்ணை வைத்து ஒப்பேற்றிவிடலாம். சோப்புப் போட்டதும் அதுவும் போய்விடுகிறது. ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் கவனித்தது இதைத்தான். இயான் வாட்டர்மேன் என்ற பிரிட்டிஷ்காரருக்கு 1971இல், 19 வயதில், கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுவதும் போய்விட்டது. கை காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

சில்லறைக்காரன்:

எனக்கும் இதே பி12 கதைதான், ஆனால் கையில். சட்டைப்பையில் கைவிட்டால் சாவியா ஐந்து ரூபாயா என்று தெரியாது, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் நடத்துனரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஊசி போட்டு ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் சரியாயிற்று. சட்டைப் பொத்தான் மட்டும் இன்னும் தகராறு. தாமதித்ததால்தான் என்றார்கள். ஒரு ஊசியைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தல்லாகுளத்துப் பெண்:

இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறுவதும் இதனால்தானா? அறையில் விளக்குப் போட்டுக்கொண்டு அவரால் தூங்க முடியாது.

பழைய பிசியோ:

அதேதான். நடைவழியில் மட்டும் சிறிய இரவு விளக்குப் போடுங்கள். குளியலறையில் பிடிகம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. முகம் கழுவும்போது ஒரு கை சுவரில் இருக்கட்டும். செருப்புக்குப் பின்வார் வைத்தது வாங்குங்கள்.